மதகுக்கு அப்பால் கூட்டிய தெரு

விழுந்து செத்தவர்களை அந்த நாட்களில் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. குண்டு பட்டுச் செத்தால் பேப்பரில் பெயர் வரும், ஊர் திரண்டு வரும். முருங்கைக் கொப்பு முறிந்து விழுந்து செத்தால் அயல் நாலு வீடு கூடி அழுதுவிட்டு உலை வைக்கப் போய்விடும். சீவரத்தினம் வேலை செய்த ஆஸ்பத்திரியில் இரண்டு வகையினரையும் ஒரே மர வாங்கில்தான் கிடத்தினார்கள். அது ஆஸ்பத்திரிக்கென்று கட்டிய இடமும் அல்ல. சண்டைக்குள் இடம்பெயர்ந்து வந்து ஒரு பள்ளிக்கூடத்துக்குள் ஒதுங்கியிருந்தது. எட்டாம் வகுப்புதான் சத்திரசிகிச்சை அறை. கரும்பலகையில் யாரோ ஒரு மாஸ்டர் கீறிவிட்டுப் போன முக்கோணம் இன்னும் அழிபடாமல் இருந்தது.

சீவரத்தினம் அங்கே சிற்றூழியன். ஆட்களைத் தூக்குவான், நிலம் கழுவுவான், மயக்க மருந்து போதாத நேரத்தில் கை காலை அமத்திப் பிடிப்பான். கப்பலில் வருகிற மருந்துப் பெட்டிக்குள் எது இருக்கும், எது இருக்காது என்று பெட்டியை உடைக்கும்வரை டாக்குத்தருக்கே தெரியாது. முறிவுக்குப் போடுகிற பிளாஸ்டர் வராமல் விட்டுப் பல மாதமாகிவிட்டது. தடி வைத்துக் கட்டி அனுப்பினார்கள். பொருந்திய கை பொருந்தியது. பொருந்தாதது வளைந்தபடியே இறுகிப்போனது.

தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு மாசி மாதம், முருங்கையிலிருந்து விழுந்த பையன் ஒருவனைக் கொண்டுவந்தார்கள். காயம் ஒன்றும் வெளியே தெரியவில்லை. வரும்போது கதைத்தான். பிறகு சாப்பிட்டதையெல்லாம் சத்தி எடுத்தான். பிறகு கண் ஒரு பக்கமாகப் போனது. மத்தியானத்துக்குள் முடிந்துவிட்டது. தகப்பன் வாங்கடியில் நின்று, "ஒரு ஆள் உயரந்தானே ஐயா, ஒரு ஆள் உயரந்தானே" என்று போகிற வருகிற எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான். கடைசியில் அவன் அதைச் சொன்னது சீவரத்தினத்திடம். சீவரத்தினம் கையில் வாளியோடு நின்றான்.

அன்றைக்குப் பின்னேரம் சைக்கிளில் நீர்வேலிக்குத் திரும்பி வரும்போது, வீட்டுக்குப் போகிற ஒழுங்கை தொடங்குகிற இடத்து மதகின் மேலிருந்து ஏதோ ஒன்று கறகறவென்று பாய்ந்து வந்தது. நாய் ஒன்று விலகி ஓடியது. வந்தது அவனுடைய மகள் நகுலா. பதினொரு வயது. கைகளை இரண்டு பக்கமும் விரித்து, சட்டை பின்னால் பறக்க, நாலு சில்லுப் பூட்டிய பலகை ஒன்றின் மேல் நின்றபடி வந்தாள்.

"அப்பா, பிறேக் இல்லை, விலகுங்கோ!"

அவன் சைக்கிளோடு வேலிக்குள் விழுந்தான். அவள் விழவில்லை.

பலகையின் கதை இதுதான். சீவரத்தினத்தின் மனைவி பாலேஸ்வரியின் தமக்கை மகன் ஜெர்மனியிலிருந்து ஒருமுறை வந்தபோது அதைக் கொண்டுவந்து அவர்களுடைய கீரிமலை வீட்டில் போட்டுவிட்டுப் போனான். ஜெர்மனிப் பிள்ளைகள் அதில் ஏறி ரோட்டில் ஓடுவார்களாம். இங்கே ஓடுவதற்கு யாருக்கும் நேரம் வரவில்லை. சண்டை திரும்பத் தொடங்கி, ஷெல் வீட்டுக் கூரைக்கு மேலால் போக, கீரிமலையை விட்டு ஓடிய நாளில் பாலேஸ்வரி அரிசி மூட்டையையும் தையல் மெசினையும் அந்தப் பலகையில் வைத்துக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தாள். நீர்வேலியில் ஏரம்பு என்கிற வாழைத் தோட்டக்காரர் தன் வளவின் மூலையில் ஒரு கொட்டில் கொடுத்தார். மூட்டையும் மெசினும் இறங்கிய பிறகு பலகை சும்மா கிடந்தது. நகுலா ஏறி நின்றுவிட்டாள்.

பெற்றோல் இல்லை. கார் இல்லை, பஸ் இல்லை. தார் ரோட்டு முழுக்கப் பிள்ளைகளுக்குத்தான். யாழ்ப்பாணத்து நிலம் மேசை மாதிரி. ஏற்றமும் இல்லை இறக்கமும் இல்லை. அந்த மதகு ஒன்றுதான் கொஞ்சம் முதுகைத் தூக்கிக்கொண்டு நின்றது. ஒழுங்கைப் பிள்ளைகள் அதற்கு மலை என்று பெயர் வைத்திருந்தார்கள்.

"உதை நாளைக்கு விறகாக் கொத்திப்போடுவன்" என்றான் சீவரத்தினம், முழங்கையில் குத்திய முள்ளைப் பிடுங்கியபடி.

"கொத்துங்கோ" என்றாள் பாலேஸ்வரி. "பிறகு பிள்ளை என்ன செய்யும்? பள்ளிக்கூடம் அரை நாள். லைற் இல்லை, ரேடியோ இல்லை. பங்கருக்குள்ளை குந்தியிருந்து வளரட்டுமோ?"

"இண்டைக்கு ஒரு பெடியன் செத்தவன், பாலேஸ். முருங்கை மரத்தாலை விழுந்து."

"விழுந்தா எழும்பலாம். நான் பயப்பிடுறது மேலையிருந்து விழுறதுக்கு."

"மேலையிருந்து விழுறதை நான் மறிக்க ஏலுமோ? இதை மறிக்கலாம்."

அவள் சுளகில் அரிசியைப் புடைத்துக்கொண்டிருந்தாள். பலகையை அவன் கொத்தவில்லை. மகள் அதில் வந்தபோது அவள் முகத்தைக் கண்டிருந்தான். கீரிமலையை விட்ட பிறகு அந்த முகத்தை அவன் அப்படிக் காணவில்லை. சட்டி மூடி நிலத்தில் விழுந்தால் வாங்கின் கீழே போய்ச் சுருண்டுவிடுகிற பிள்ளை அது.

ஓடத்தான் போகிறாள் என்றால், முறியாமல் ஓடட்டும். அதோடு அவன் தீர்மானம் முடிந்தது.

பிறகு அவன் அதை வேலையாகவே செய்தான். பழைய சைக்கிள் டியூபை வெட்டி, உள்ளே தும்பு வைத்துத் தைத்து முழங்காலுக்கும் முழங்கைக்கும் கட்டினான். ஏரம்பர் வெட்டிக் குவித்த வாழைச் சருகுக் குவியலின் முன்னால் அவளை நிறுத்தி விழப் பழக்கினான்.

"கையை ஊண்டக் கூடாது. கையை ஊண்டினா மணிக்கட்டுப் போகும். தோளாலை உருள். பிட்டத்திலை விழு. இறைச்சி உள்ள இடத்திலை விழோணும், எலும்பிலை விழக் கூடாது."

"எனக்கு இறைச்சி இல்லையே அப்பா."

"இருக்கிறதிலை விழு."

அவள் விழுந்தாள். எழும்பினாள். சிரித்துச் சிரித்து விழுந்தாள். ஒழுங்கைப் பிள்ளைகளும் வந்து வரிசையில் நின்று விழுந்தார்கள். முழங்காலை மடித்து நில், காலைப் பார்க்காதே, போகிற இடத்தைப் பார், தடுமாறினால் சண்டை பிடிக்காதே, குதித்துவிடு. அவனுக்குப் பலகையில் ஏறத் தெரியாது. முறிவு எங்கே வரும் என்று தெரியும். அதிலிருந்து பின்னோக்கி யோசித்துப் பாடம் எடுத்தான்.

சில்லுக்கு எதிரி கல். பயற்றங்காய் விதையளவு கல் ஒன்று போதும், பலகை நிற்க ஆள் மட்டும் பறக்கும். ஆகவே வேலையால் வந்ததும் ஈர்க்கு விளக்குமாற்றோடு மதகடிக்குப் போய் ரோட்டைக் கூட்டத் தொடங்கினான். ஏரம்பர் வாழைக்குப் பாத்தி பாத்தியாகத் தண்ணீர் மாறிக்கொண்டு நின்றவர், மண்வெட்டியை ஊன்றி வைத்துவிட்டு வேலிக்கு மேலால் பார்த்தார்.

"என்ன சீவரத்தினம், ரோட்டுக் கூட்டுற உத்தியோகமும் எடுத்திட்டியோ?"

"இல்லையண்ணை, பிள்ளை ஓடுறதுக்கு."

"ஒரு காரும் ஓடாத ரோட்டைக் கூட்டுறாய். உன்ரை பிள்ளை என்ன தேரோ?"

"விழாமல் ஓடோணும், அண்ணை."

"நாங்கள் எல்லாம் விழுந்துதானே வளந்தனாங்கள்?"

"உங்களுக்கு அப்ப பிளாஸ்டர் இருந்தது."

ஏரம்பர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி, தலையைச் சரித்து வடக்குப் பக்கம் காதைக் கொடுத்தார். சீவரத்தினமும் விளக்குமாற்றை நிறுத்தினான். தூரத்தில் ஏதோ ஒன்று. மண்ணெண்ணெயில் இரைகிற நீரிறைக்கும் மெசின்தான். ஏரம்பர் மண்வெட்டியை எடுத்தார், அவன் திரும்பக் கூட்டினான்.

அப்போது எல்லோரும் அப்படித்தான் இருந்தார்கள். கண்ணைவிடக் காதால்தான் குடாநாடு உயிரோடு இருந்தது. குண்டு போடுகிற பொம்மரா ஹெலியா, உயரத்திலா பதிவாகவா, சுற்றுகிறதா திரும்புகிறதா, எல்லாம் சத்தத்தில் தெரியும். சந்தையில் விலை பேசுகிறவள் பாதி வார்த்தையில் நிறுத்துவாள். கிளிகளைப்போல எல்லாத் தலையும் ஒரு பக்கம் சரியும். பிறகு விலை தொடரும், அல்லது எல்லோரும் பங்கருக்குள் இருப்பார்கள். காதைப் பொத்திக்கொண்டு தெருவில் நடக்கிற ஆளை அங்கே காண முடியாது.

பலகையின் கறகறப்புக்குள் வேறொன்றும் கேட்காது என்பது பாலேஸ்வரிக்கு முதல் நாளே விளங்கிவிட்டது. ஆகவே நகுலா ஓடுகிற நேரம் அவள் வளவு வாசல் படலையடியில் ஒரு மரக்கட்டையைப் போட்டுக் குந்தியிருந்தாள். கையில் தையல் வேலை இருக்கும், காது வானத்தில் இருக்கும். ஏரம்பரின் வாழைகளுக்கு நடுவில் பதுங்கத் தோண்டிய பங்கர் வாய் திறந்து கிடந்தது. சந்தேகம் வந்தால் "பிள்ளை!" என்று ஒரு கூப்பீடு. அந்தக் குரல் பலகைச் சத்தத்தையும் வெட்டிக்கொண்டு போகும். மதகிலிருந்து பங்கருக்கு ஓடிவர நேரம் போதும்.

பங்குனி முடிவதற்குள் நகுலா விழுந்தாள். தோளால் உருளத்தான் பார்த்தாள். ஆனாலும் பிடரி தாரில் அடிபட்டது. சத்தி ஒன்று எடுத்தாள், ஒன்றுதான். சீவரத்தினம் அவளை நித்திரை கொள்ள விடாமல் மடியில் வைத்து வாய்ப்பாடு கேட்டுக்கொண்டிருந்தான். ஏழாம் வாய்ப்பாட்டில் அவள் பிழைவிட்ட ஒவ்வொரு தரமும் அவன் அவள் கண் இரண்டையும் விரித்துப் பார்த்தான். அவளுக்கு ஏழாம் வாய்ப்பாடு எப்போதுமே வராது என்று பாலேஸ்வரி சொன்னாள்.

மறுநாள் காலை அவன் ஏரம்பரிடம் போனான். அவருடைய மோட்டார் சைக்கிள் பெற்றோல் இல்லாமல் சாக்கு மூடி நின்றது. அதன் ஹெல்மெற் கொழுவியில் தொங்கியது. முகத்தையும் தாடையையும் சேர்த்து மூடுகிற பெரிய சாதி.

"எடுத்துக்கொண்டு போ" என்றார் ஏரம்பர். "எனக்கு இனி எங்கை? ஆனா உது உவள் தலைக்குக் கிடாரம் கவிழ்த்த மாதிரி இருக்குமே."

பெரிதாகத்தான் இருந்தது. சீவரத்தினம் ஒரு தலையணையைப் பிரித்து இலவம்பஞ்சை எடுத்தான். உச்சிக்கு, பிடரிக்கு, இரண்டு கன்னத்துக்கும் துணியில் பொதிந்து இறுக்கி அடைத்துத் தைத்தான். தலை ஒரு மயிரளவுகூட உள்ளே ஆடக் கூடாது. ஆடுகிற தலைதான் உள்ளுக்குள் உடையும், அதை அவன் கண்டிருக்கிறான். போட்டுப் பட்டியை இறுக்கிவிட்டு, தேங்காய் ஒன்றை எடுத்து உச்சியில் குத்தினான். நகுலா அசையவில்லை. இன்னொரு குத்து. அவள் கண் மட்டும் சிரித்தது.

கழற்றிய பிறகு சொன்னாள்: "அப்பா, கீரிமலைக் கேணிக்குள்ளை மூழ்கி இருக்கிற மாதிரி இருக்கு. ஒண்டும் கேக்கேல்லை. நல்லா இருக்கு."

நல்லா இருக்கு என்றதைத்தான் அவன் கேட்டான்.

அதன் பிறகு அவள் ஓட்டம் வேறு மாதிரி ஆனது. பயமில்லாமல் ஓடினாள். மதகில் ஏறி, உச்சியில் பலகையைத் திருப்பி, மறுபடி இறங்கினாள். பார்க்கிறவர்களுக்கு நெஞ்சு அடைக்கும். அவள் முழங்கால் மடிந்து, தோள் தளர்ந்து, அப்பன் சொன்ன பாடமெல்லாம் உடம்பில் இருந்தது. ஓடாத நேரமும் ஹெல்மெற்றைப் போட்டுக்கொண்டாள். கிணற்றடியில், மாமரத்தடியில், கொட்டில் வாசலில் அந்தக் கறுப்புத் தலை ஆடாமல் இருக்கும். சட்டி மூடி விழுந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"பாத்தியே?" என்றான் சீவரத்தினம். "பயம் தெளிஞ்சிட்டுது."

"பயம் தெளியேல்லை. கேக்கேல்லை" என்றாள் பாலேஸ்வரி. "நான் படலையிலை இருந்து மூண்டு தரம் கூப்பிட்டனான். மூண்டாந்தரம் போய்ப் பிடிச்சு உலுப்பினாப் பிறகுதான் திரும்பிப் பாத்தவள். இஞ்சை பாருங்கோ, ஒரு காதுப் பக்கமாவது பஞ்சை எடுங்கோ."

"ஒரு பக்கம் எடுத்தாத் தலை மற்றப் பக்கம் சரியும். ஆடும்."

"ஆடட்டும்."

"நீ அந்தப் பெடியனைக் காணேல்லை, பாலேஸ்."

"நீங்கள் அந்த ஒரு பெடியனை வைச்சுக்கொண்டு எல்லாத்தையும் பாக்கிறியள். அங்கை வாற மற்ற ஆக்களை ஆர் பாக்கிறது?"

அவன் பாதிக்கு இறங்கி வந்தான். இரும்புக் கம்பியைப் பழுக்கக் காய்ச்சிக் காதடியில் ஓட்டை போடலாம் என்று யோசித்தான். நகுலா அதைக் கேட்டு ஹெல்மெற்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். கேணிக்குள் தண்ணீர் வந்துவிடும் என்று அழுதாள். பிள்ளை ஏன் அப்படிச் சொல்கிறது என்று அவன் நின்று யோசித்திருக்கலாம். கம்பியைக் கொண்டுபோய் அடுப்படியில் வைத்தான். பிறகு பார்க்கலாம் என்றான்.

அதற்குப் பதிலாகச் சிவப்புத் துணி ஒன்று வந்தது. பாலேஸ்வரியின் கிழிந்த பாவாடைத் துண்டு. சத்தம் கேட்டால் அவள் படலையில் நின்று அதை வீசுவாள். நகுலா ஒவ்வொரு தரமும் மதகால் இறங்கும்போது படலையைப் பார்த்துக்கொண்டுதானே வருவாள். சிவப்பைக் கண்டால் பலகையை விட்டுவிட்டு ஓடிவர வேண்டும். பலகை தேவையில்லை, கால் போதும். இதையும் அவன் பழக்கினான். சித்திரையில் ஒரு நாள் ஹெலி ஒன்று கோப்பாய்ப் பக்கமாகச் சுட்டுக்கொண்டு வந்தபோது பாலேஸ்வரி துணியை வீசினாள். பிள்ளை கண்டது, குதித்தது, ஓடியது. ஹெலி வருவதற்கு முதல் மூவரும் பங்கருக்குள் இருந்தார்கள். இருட்டுக்குள் சீவரத்தினம் மனைவியின் முழங்கையைத் தட்டினான். அவள் கையை இழுத்துக்கொண்டாள்.

அந்தத் துணி வேலை செய்ததுதான் வினையாகிப் போனது. அது வேலை செய்திராவிட்டால் அவன் கம்பியை அடுப்பில் காய்ச்சி ஓட்டை போட்டிருப்பான்.

வைகாசி மழை ஒன்று வழமையில்லாமல் கொட்டித் தீர்த்தது. மதகின் இந்தப் பக்கத்துத் தார் ஓரம் ஓரமாகப் பெயர்ந்து உள்ளே கிடந்த சல்லி தலைகாட்டியது. எவ்வளவு கூட்டினாலும் கல் வந்துகொண்டே இருந்தது. நகுலா இரண்டு தரம் தடுக்கினாள். சீவரத்தினம் மதகில் ஏறி மற்றப் பக்கம் பார்த்தான். அந்தப் பக்கம் தார் கறுத்து, ஒப்புரவாக, ஒரு வெடிப்பும் இல்லாமல் நீளத்துக்குக் கிடந்தது. இரண்டு பக்கமும் தோட்ட வெளி. மோதுவதற்கு ஒரு மதில்கூட இல்லை.

ஞாயிற்றுக்கிழமை விடிய அவன் விளக்குமாற்றோடு மதகைத் தாண்டினான். அரை மைல் இருக்கும், குனிந்து குனிந்து கூட்டினான். இடுப்பு நாரி பிடித்துக்கொண்டது. திரும்பிப் பார்த்தபோது தெரு ஒரு மணல் இல்லாமல் பளிச்சென்று கிடந்தது. அவனுக்கு அது நல்ல வேலையாகப் பட்டது.

"இஞ்சாலை வா, பிள்ளை. இனி உன்ரை ஓட்டம் இந்தப் பக்கம்."

நகுலா முதல் தரம் ஓடிய ஓட்டத்தில் தெருவின் அந்தம்வரை போய் ஒரு புள்ளியாகித் திரும்பி வந்தாள்.

படலையிலிருந்து பார்த்தால் மதகு தெரிந்தது. மதகுக்கு அப்பால் தெரியவில்லை.

"நான் மதகுக்கு மேலை போய் நிண்டு பாப்பன்" என்றாள் பாலேஸ்வரி. அவள் அன்றைக்குச் சண்டை பிடிக்கவில்லை. களைத்திருந்தாள். "ஆனா பங்கர் தூரம்."

"ஒரு ஓட்டம்."

"உங்களுக்கு ஒரு ஓட்டம். நான் சீலையோடை."

பிள்ளையிடமும் அவள் கண்டிப்பாகச் சொன்னாள்: அந்தத் தெருவோரத்துப் புளியமரம் மட்டுந்தான் எல்லை, புளியமரத்தைத் தாண்டினால் கால் இரண்டையும் முறிப்பேன். முறிப்பேன் என்ற சொல்லுக்கு நகுலா தகப்பனைப் பார்த்துச் சிரித்தாள். சீவரத்தினமும் சிரித்தான்.

வியாழக்கிழமை அவனுக்குப் பகல் வேலை. பின்னேரம் நிலம் கழுவிக்கொண்டு நின்றான். முதலில் வார்டில் கிடந்தவர்களின் தலை சரிந்தது. பிறகு அவனுக்கும் கேட்டது. பொம்மர். ஒன்று இல்லை, இரண்டு. உயரத்திலிருந்து இறங்குகிற அந்த நீட்டுச் சத்தம். நடக்க முடிந்தவர்கள் கட்டிலுக்குக் கீழே போனார்கள். அவனும் தூணோடு குந்தினான். குண்டு விழுந்த இடம் கிட்ட இல்லை. ஜன்னல் மட்டும் அதிர்ந்தது.

"எந்தப் பக்கம்?" என்று ஒரு தாதி கேட்டாள்.

எந்தப் பக்கம் என்று அவனுக்குத் தெரியும். அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். நீர்வேலிப் பக்கம்.

திரும்பவும் வந்து விழுத்தின. பிறகு போய்விட்டன. டாக்குத்தர் வாங்குகளைத் துடைக்கச் சொன்னார். சீவரத்தினம் துடைத்தான். சைக்கிளை எடுத்துக்கொண்டு போகலாம். போனால் வழியில் தவறவிடுவான். காயப்பட்டவர்கள் எல்லோரும் இங்கேதான் வருவார்கள். ஆகவே துடைத்துக்கொண்டு, தெரிந்த ஒவ்வொரு முறிவையும் மகள் உடம்பில் வைத்துப் பார்த்தான். மணிக்கட்டு. முழங்கை. காறை எலும்பு. தலை. தலைக்கு ஒன்றும் ஆகாது. தலைக்கு அவன் செய்யவேண்டியதைச் செய்திருந்தான்.

முதலில் வந்தது ஒரு மாட்டு வண்டில். அதில் அவனுக்குத் தெரிந்தவர்கள் இல்லை. அடுத்து வந்தது ஏரம்பரின் லாண்ட்மாஸ்டர் உழவு மெசின். மண்ணெண்ணெய்ப் புகையைக் கக்கிக்கொண்டு வாசலுக்குள் வந்து நின்றது. பின்னால் பூட்டிய பெட்டிக்குள் வாழைச்சருகு பரப்பி யாரையோ கிடத்தியிருந்தார்கள். பெட்டியின் மூலையில், கறுப்பு ஹெல்மெற்றோடு, முழங்காலைக் கட்டிக்கொண்டு நகுலா இருந்தாள்.

அவன் அவளைத்தான் முதலில் தூக்கினான். அவன் கை தானாகவே வேலை செய்தது. மணிக்கட்டு, முழங்கை, தோள், விலா, முழங்கால். டியூப் கட்டின இடத்தில் கொஞ்சம் தேய்ந்திருந்தது. எலும்பு எல்லாம் இருந்தபடி இருந்தது. ஒரு கீறல் இல்லை.

"சீவரத்தினம்" என்றார் ஏரம்பர். "பிள்ளையை விடு. இஞ்சாலை பிடி."

சருகுக்குள் கிடந்தது பாலேஸ்வரி. அவள் சேலை இடுப்புக்குக் கீழே ஒரே நிறமாக இருந்தது. ஏரம்பரின் சால்வையால் தொடையை இறுக்கிக் கட்டியிருந்தார்கள். சீவரத்தினம் தோளில் பிடித்தான், இன்னும் இரண்டு பேர் இடுப்பில் பிடித்தார்கள். எட்டாம் வகுப்புக்குள் கொண்டுபோனார்கள். டாக்குத்தர் ஒருதரம் பார்த்துவிட்டு, "நீர் வெளியிலை நில்லும்" என்றார். இத்தனை காலத்தில் அவனை அவர் வெளியே நிற்கச் சொன்னது இதுதான் முதல் தடவை.

வாசலில் ஏரம்பர் கைகளை வேட்டியில் துடைத்துக்கொண்டு நின்றார். துடைக்கத் துடைக்கப் போகவில்லை.

"நான் தோட்டத்திலை நிண்டனான்" என்றார். "சத்தம் கேட்டுது. உன்ரை மனிசி மதகிலை நிண்டு சிவப்பை வீசினவ. பிள்ளை அங்காலை பாத்துப் போய்க்கொண்டிருக்கு. புளியமரத்தையும் தாண்டிப் போயிட்டுது. நானும் கத்தினன். எனக்கு விசர், ஆருக்குக் கேக்கும்? மனிசி ஓடத் தொடங்கிட்டா."

"பிறகு?"

"பிள்ளை திரும்பிப் பாத்தது. தாய் சீலையைத் தூக்கிப் பிடிச்சுக்கொண்டு ஓடி வாறதைக் கண்டது." ஏரம்பர் நிறுத்தினார்.

"சொல்லுங்கோ அண்ணை."

"கண்டிட்டு, காலாலை உதைச்சு இன்னும் கெதியா ஓடினது. சிரிச்சுக்கொண்டு ஓடின மாதிரித்தான் எனக்குத் தெரிஞ்சது. ஹெல்மெற்றுக்குள்ளை என்ன தெரியும்? அப்பதான் பொம்மர்காரன் பதிஞ்சவன். குண்டு அங்காலைத் தோட்டத்துக்கை விழுந்தது. பிள்ளை பறந்து போய் உருண்டுது, நீ பழக்கின மாதிரியே உருண்டுது. எழும்பி நிண்டுது. தாய் எழும்பேல்லை."

ஏரம்பர் லாண்ட்மாஸ்டரை நிற்பாட்டப் போனார். அது அவ்வளவு நேரமும் இரைந்துகொண்டு நின்றதை அப்போதுதான் இருவரும் கவனித்தார்கள்.

நகுலா தாழ்வாரத்து வாங்கில் இருந்தாள். சீவரத்தினம் பக்கத்தில் போய் இருந்தான். அவள் அவனைப் பார்த்து, ஹெல்மெற்றுக்குள் இருந்து உரத்துக் கதைத்தாள். தன் குரல் தனக்குக் கேட்காத ஆள் கதைக்கிற மாதிரி.

"அப்பா, நான் விழுந்தனான். கையை ஊண்டேல்லை."

அவன் தலையை ஆட்டினான்.

"அம்மா அடிக்க வாறா எண்டு நினைச்சன். புளியமரத்தைத் தாண்டினதுக்கு."

எட்டாம் வகுப்புக் கதவைச் சாத்தினார்கள். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து பாலேஸ்வரியின் சத்தம் வந்தது. அந்த அறையிலிருந்து வருகிற எல்லா வகைச் சத்தத்தையும் சீவரத்தினம் கேட்டிருக்கிறான். மருந்து போதவில்லை என்பது அந்தச் சத்தத்தில் தெரிந்தது. உள்ளே யார் பிடிக்கிறார்கள், சரியாகப் பிடிக்கிறார்களா என்று அவன் நினைத்தான். தாழ்வாரத்தில் இருந்தவர்கள் நிலத்தைப் பார்த்தார்கள். நகுலா மட்டும் எதிர்ச் சுவரில் ஒரு பல்லி போவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் அப்படியே இருக்கட்டும் என்றுதான் அவன் நினைத்தான். பட்டி தளர்ந்திருக்கிறதா என்று விரலை விட்டுப் பார்த்தான். தளரவில்லை.

அவன் விரல் பட்டதும் அவள் திரும்பினாள். அவன் முகத்தைப் பார்த்தாள். வாங்குகளில் இருந்த மற்ற முகங்களைப் பார்த்தாள். எல்லா முகங்களும் ஒரு கதவின் பக்கம் சரிந்திருந்தன. பிறகு கையைத் தாடைக்குக் கீழே கொண்டுபோய்ப் பட்டியைக் கழற்றத் தொடங்கினாள். அவன் அவள் கையைப் பிடித்தான். அவள் கையை விடுவித்துக்கொண்டு கழற்றினாள். ஹெல்மெற்றை இரண்டு கையாலும் தூக்கி நிலத்தில் வைத்தாள். தலைமயிர் வியர்த்து நெற்றியில் ஒட்டியிருந்தது. இலவம்பஞ்சு ஒரு காதில் ஒட்டிக்கொண்டு வந்திருந்தது.

சத்தம் அவளுக்குள் போவதை அவன் பார்த்தான். அவள் வாங்கின் கீழே போகவில்லை.

"அது அம்மாவோ?"

"ஓம்."

"இன்னும் எவ்வளவு நேரம் கத்துவா?"

"தெரியாது, பிள்ளை." தெரிந்த ஒன்றை மட்டும் சொன்னான். "கத்துறவரைக்கும் பயமில்லை."

அவள் தலையைக் கதவுப் பக்கம் சரித்துக்கொண்டாள். அவனும் சரித்துக்கொண்டான். இருவரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.